ஐஸ் பெட்டியின் வழவழப்பு

அந்த அக்கா ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, பலகை இடுக்கில் விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் சளி போல ஏதோ ஒட்டியிருந்தது. "இன்னா சார் இது? எங்க எறாவுல இருந்தா வந்துச்சு?" நான் பார்க்கவில்லை. பார்க்க மறுத்தேன் என்று சொல்வதுதான் சரி.

எழுபதுகளின் கடைசி அது. விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு, பழவேற்காட்டில் இறால் வாங்கி அனுப்பும் ஒரு கொட்டகையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வரும் இறாலை முகர்ந்து, தொட்டுப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வேண்டும். நல்லதை மரப்பெட்டிகளில் ஐஸோடு அடுக்கி வைப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை லாரி வந்து சென்னைக்கு ஏற்றிப் போகும். ஏரிக்கு அக்கரையில் உள்ள பசியாவரத்துப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் தடவிக் கையால் பிடித்த இறாலை எல்லாம் சேர்த்து, தினமும் காலையில் படகில் கொண்டுவருபவர் அந்த அக்கா.

ஒரு வாரம், சென்னைக்குப் போன பெட்டிகள் நாற்றமெடுத்துத் திரும்பி வந்தன. யாருடைய சரக்கு என்று முதலாளி கேட்டார். ஐஸில் வைத்தது கெடாது என்பது என் படிப்பு தந்த நம்பிக்கை. அப்படியானால் ஐஸுக்கு வரும் முன்பே கெட்டிருக்க வேண்டும். சேற்றில் பிடித்த சரக்கு என்பதே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. அக்காவைக் கைகாட்டினேன். அவர் பெட்டிக்குள் கையை விட்டு விரலை நீட்டியது அப்போதுதான்.

"குளிர்ல எதுவும் கெடாதுக்கா. படிச்சிட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப பொட்டி? அத்த ஒரு நாளாவது சுடுதண்ணி ஊத்திக் கழுவனீங்களா சார்?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. அதன்பின் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மறுநாளிலிருந்து அக்காவின் சரக்கை வாங்கக் கூடாது என்றாகிவிட்டது. செய்தி பரவி, ஊரின் மற்ற வியாபாரிகளும் வாங்க மறுத்தார்கள்.

அடுத்த மாதமே பெட்டிகள் மறுபடி நாறின. இப்போது அக்காவின் இறால் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் வழித்துச் சீசாவில் போட்டு, ஐஸில் வைத்து, கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பத்து நாள் கழித்துப் போனபோது தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. குளிரிலேயே வாழும் பாக்டீரியா. மற்ற உயிர்களின் நொதிகள் குளிரில் விறைத்து மந்தமாகிவிடும். இவற்றின் நொதிகளோ இளக்கமானவை, ஐஸின் குளிரிலும் வளைந்து கொடுத்துப் புரதத்தை அறுத்துக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். "ஐஸ் இதைக் கொல்லாதுப்பா. மத்ததை எல்லாம் அடக்கி, இதுக்கு இடம் விட்டுக் கொடுக்கும்."

கொட்டகைக்குத் திரும்பி, பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னேன். முதலாளி என்னைக் கெட்டிக்காரன் என்றார். அந்த நேரத்தில் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், முதலில் தவறாகச் சொன்னது நான்தான் என்பது வெளியே வரும். வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்துப் பக்கத்து ஊரான காட்டூரில் அக்காவைப் பார்த்தேன். தலையில் கூடையோடு வீடு வீடாக மீன் விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு இறால் பிடித்துக் கொடுத்த பசியாவரத்துப் பெண்களில் பாதிப் பேர் நெல் வயலில் களையெடுக்கப் போவதாகப் பிறகு தெரிந்தது. என்னைக் கண்டதும் நின்றார்.

"பொட்டி மாத்திட்டீங்களாமே சார்."

"ஆமாங்கா."

"இப்ப நாறலயே?"

"இல்லக்கா."

என் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவர் கொடுத்த நேரம் அது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, வெயிலேறுது" என்று கூடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு வேறு ஊர்களில், மீன் பதப்படுத்தும் தொழிலாளர்களுக்குப் பல வருடம் வகுப்பெடுத்தேன். குளிரில் வேலை செய்யும் நொதிகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையையும் சொல்வேன். எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள். ஓய்வு பெறும் நாள்வரை, "பழவேற்காட்டில் தரம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார்" என்றுதான் அதை ஆரம்பித்தேன்.