பலகை அடித்த குளியலறை ஜன்னல்

பீளமேட்டில் நாங்கள் வாங்கியது பழைய ஃப்ளாட். கல்லூரிக்குப் பின்னால், இரண்டாம் மாடி. புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டதுமே எனக்கு உறுத்தியது. இந்த ஏரியாவில் இந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றார். "உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகந்தான் அம்மணி" என்றார். சந்தேகப் புத்திதான் எனக்கு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

பத்திரப் பதிவன்று வீட்டை விற்றவரைப் பார்த்தேன். சின்ன வயசுதான். தலையைத் தூக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டார், சாவியை மேஜைமேல் வைத்தார், ஈரோட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வீடு விற்றவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுவான் இல்லையா, இந்தக் குழாய் கொஞ்சம் ஒழுகும், அந்த ஸ்விட்ச் வேலை செய்யாது என்று.

குடிவந்த வாரமே சங்கதி வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த அம்மா ஹால், சமையலறை எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்துவிட்டு, உள் பாத்ரூம் வாசலில் நின்றுவிட்டார். "இத மட்டும் நீங்களே கழுவிக்கோங்க." ஏன் என்று கேட்டால் முட்டி வலியாம். ஹாலில் குனிந்து துடைக்கும்போது வலிக்காத முட்டி, பாத்ரூமில் மட்டும் எப்படி வலிக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக எதிர் வீட்டு அக்காவிடம் போய் நின்றேன்.

அவர் முதலில் மென்று விழுங்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். எங்களுக்கு வீட்டை விற்றவரின் பெண்டாட்டி அந்தப் பாத்ரூமில்தான் செத்துப்போனாள். சில வருஷங்கள் ஆகிவிட்டன. கைக்குழந்தைக்காரி. காலையில் குளிக்கப் போனவள் வரவில்லை. குழந்தை தொட்டிலில் கத்திக்கொண்டே கிடந்திருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள். கதவை உடைத்துப் பார்த்தபோது முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று வெளியே சொல்லி, அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"மாரடைப்புன்னு யாரு நம்புவா? புள்ளை பெத்த ஒடம்பு, இருவத்தஞ்சு வயசு. என்னத்தையோ குடிச்சுப்போட்டா."

"பாட்டில் கெடந்துச்சுங்களா அக்கா?"

"கெடந்தா உடுவாங்களா? மாமியாக்காரி மறைச்சிருப்பா."

ஒருத்தரும் பாட்டிலைப் பார்க்கவில்லை. ஆனால் அப்பார்ட்மெண்டில் எல்லாருக்கும் அது என்ன மருந்து என்பதுவரை தெரிந்திருந்தது. நம் ஜனங்கள் அப்படித்தான்.

நான் பயந்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போகிற ஆள் நான். ஆனாலும் அந்தப் பாத்ரூமில் குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. குழாயை மூடினால் ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தால் அழுகை. கதவைத் தாழ் போடாமல், ஒரு செருப்பை இடுக்கில் வைத்துவிட்டுக் குளித்தேன். சோப்புப் போட்ட கண்ணை மூட மனம் வராது. என் பின்னால் ஒருத்தி தன் முறைக்காகக் காத்து நிற்கிற மாதிரியே இருக்கும். அக்கா சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன், இந்த அழுகையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சந்தேகப் புத்தியோடு இதையும் சேர்த்துக் கட்டிவிடுவார்.

அவருக்கு அந்த நேரத்தில் வேறு கவலை. பம்பு கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். எந்த மோட்டார் எவ்வளவு கரண்டைத் தின்று எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே பார்ப்பது போதாது என்று வீட்டில் என்னையும் பார்ப்பார். மார்கழிக் குளிரில் பழைய கரண்ட் ஹீட்டரைக் காலையில் போட்டுவிட்டு நான் அணைக்க மறந்துவிடுவேன். அது பாட்டுக்குத் தண்ணீரைச் சுட வைக்கும், ஆறவிடும், மறுபடி சுட வைக்கும். யாரும் குளிக்காத தண்ணீருக்கு நாம் எதற்குக் கரண்டு கட்ட வேண்டும் என்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருகிறபோதெல்லாம் ஸ்லாப் தாண்டிவிட்டது என்று என் முகத்தையே பார்ப்பார். ஒருநாள் கேஸ் கீசர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். குழாயைத் திறந்தால் பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். தேவையான தண்ணீருக்கு மட்டும்தான் கேஸ் எரியும். "ஆனா நீ ஷவருக்கு அடியில நின்னு யோசன பண்ணுனா சிலிண்டர் சீக்கிரம் காலியாயிரும்" என்று அதற்கும் ஒரு கொட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கே மாட்டலாம் என்று டேப்போடு பாத்ரூமுக்குள் நுழைந்தார். சுவரில் ஏற்கெனவே ஆணி அடித்த ஓட்டைகள் இருந்தன. கீழே செம்புக் குழாயின் அடைத்த முனை. டைல்ஸின் மேல் பகுதியிலும் சீலிங்கிலும் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். "முன்ன இருந்தவங்களும் கேஸ் கீசர்தான் வெச்சிருந்திருக்கறாங்க" என்றார். பிறகு மேலே பார்த்தார். "காத்து எங்க போகுது இங்கிருந்து?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாத்ரூமுக்கு ஜன்னலே இல்லை. மேலே ஒரு பலகை, சுவரோடு சுவராக வெள்ளையடித்துக் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி ஸ்க்ரூவைக் கழற்றினார். பலகைக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர் இருந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் துணி. பச்சைப் பருத்திச் சீலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, மடித்து, ஊசி நுழைய இடம் இல்லாமல் திணித்திருந்தது. புறாத் தொல்லைக்காக அடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் புறாவுக்காக யாரும் இவ்வளவு பொறுமையாகத் துணி மடிக்க மாட்டார்கள். ஓரங்களைக்கூட உள்ளே மடக்கி வைத்திருந்தது.

வீட்டுக்காரர் ஸ்டூலைவிட்டு இறங்கி, கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு கீற்று.

"என்னாச்சுங்க?"

"எதிர் வீட்டுல அந்தப் புள்ளையப் பத்திச் சொன்னாங்கன்னு நீதான சொன்னே. அந்தப் புள்ள எதையும் குடிக்கல அம்மணி."

அவர் விளக்கியதை நான் என் மொழியில் சொல்கிறேன். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாறும். அந்த நாற்றத்துக்குத்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால் எரிகிற கேஸுக்குக் காற்று வேண்டும். பூட்டிய சின்ன அறையில் அது இருக்கிற காற்றைத் தின்றுவிட்டு விஷத்தைக் கக்கும். அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை கனக்கும், கால் துவளும், அவ்வளவுதான். சுகமான சுடு தண்ணீரில் நிற்கிற ஆளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

கைக்குழந்தைக்காரி. ராத்திரி எல்லாம் தூங்கியிருக்க மாட்டாள். தலை கனத்தபோது தூக்கம் பத்தவில்லை என்றுதான் நினைத்திருப்பாள். சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்திருப்பாள். இந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. அழுகைச் சத்தம் கேட்டுப் பயந்ததைவிட இது மோசமாக இருந்தது. பயத்தைத் திட்டித் துரத்தலாம், இதை என்ன செய்வது?

கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டவில்லை. துணி துவைக்கிற பால்கனியில், திறந்த வெளியில் மாட்டினார். குழாய் நீளமாகிவிட்டது. சுடு தண்ணீர் வந்து சேர்வதற்குள் அரை பக்கெட் பச்சைத் தண்ணீர் ஓடிவிடும். எஃபிஷியன்ஸி பார்க்கிற மனுசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாய்க்கு நுரைப்பஞ்சு சுற்றினார். அரை பக்கெட் தண்ணீரை வீடு துடைக்க எடுத்துக்கொண்டோம். வென்டிலேட்டரைத் துடைத்துத் திறந்தே விட்டேன். புறா வந்தால் வரட்டும்.

எதிர் வீட்டு அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "போனவ போயிட்டா, இப்ப எதுக்குக் கண்ணு அதக் கெளறிட்டு" என்றார். அவ்வளவுதான். ஒரு பெண் மேல் பழியைப் போடும்போது கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம் பேசியவர், பழியை எடுக்கும்போது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிட்டார். அவள் புருஷனுக்கு ஃபோன் செய்யலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "இன்னொரு கல்யாணம் பண்ணிட்டு இருக்கறாரு. என்னன்னு ஆரம்பிப்பே?" என்றார். எடுத்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, காலிங் பெல் அடித்தது. வெளியே ஒரு அம்மா. பேய்ப் படத்து வெள்ளைச் சீலை இல்லை, சாதாரண பூப்போட்ட சீலைதான். வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"ஏனுங்க கண்ணு, இந்த ஊட்டுல முன்ன இருந்த புள்ளையோட அம்மாங்க நானு. காந்திபுரத்துல எறங்கி விசாரிச்சுட்டு வாரேன். மாப்பிள்ளை ஊட்ட வித்துப்போட்டாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அவரு இருக்கறவரைக்கும் என்னைய உள்ள உடமாட்டாரு. சித்த நேரம் அந்தப் பாத்ரூமப் பாத்துட்டுப் போயிர்றேனுங்க."

உள்ளே கூட்டிவந்தேன். தண்ணீர் கொடுத்தேன், சொம்பைக் கீழே வைத்துவிட்டார். பாத்ரூம் வாசலில் நின்றார். தரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்தார். திறந்த வென்டிலேட்டரிலிருந்து வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"இந்த ஜன்னலு, நீங்க வாரப்ப எப்படிங்க இருந்துச்சு?"

ஏன் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். பிரசவம் முடிந்து மகளைப் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது நல்ல குளிர். பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது. பாத்ரூம் ஜன்னலில் காற்று வந்தது. தன் சீலையைக் கிழித்து அவரேதான் அடைத்தார். மாப்பிள்ளையைச் சொல்லிப் பலகையும் அடிக்க வைத்தார். குளிர் விட்டதும் எடுத்துவிடு என்று மகளிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். எடுத்தாளா இல்லையா என்று தெரியாது. அந்த மாதமே சாவுச் செய்தி வந்துவிட்டது. கேஸ் ஹீட்டர் வைத்த பாத்ரூமில் ஜன்னல் அடைத்திருந்து ஒரு குடும்பத்துக்கே மயக்கம் வந்ததாக இப்போது டீவியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"பாப்பா ரெண்டாங் கிளாஸ் படிக்கறா. பள்ளிக்கூடத்துல எவளோ சொல்லிப்போட்டா, உங்கம்மா மருந்தக் குடிச்சுச் செத்தான்னு. லீவுக்கு வந்தவ என்னையக் கேக்கறா, அம்மிச்சி, எங்கம்மாவுக்கு என்னையப் புடிக்கலையான்னு. நான் என்னன்னு கண்ணு சொல்லட்டும்?"

ஜன்னல் திறந்திருந்தது என்று நான் சொன்னால், மகள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுத் தானாகப் போனவள் ஆகிறாள். அடைத்திருந்தது என்று சொன்னால், இந்த அம்மாள் கையாலேயே மகள் போயிருக்கிறாள். எதைச் சொன்னாலும் இவர் தாங்கமாட்டார் என்று பட்டது. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடச்சுத்தானுங்கம்மா இருந்துச்சு" என்றேன். "பலகை அப்படியே இருந்துச்சு. உள்ள பச்சைச் சீலை."

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீறிட்டு அழுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எம்புள்ள குளிக்கத்தானுங்க போயிருக்கறா" என்றார். "குளிச்சுட்டு வரத்தான் போயிருக்கறா."

"ஆமாங்கம்மா."

"பாப்பாகிட்டச் சொல்லிர்றேனுங்க."

எழுந்து சீலையைச் சரி செய்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஜன்னல யாரு அடச்சதுன்னு பாப்பா கேட்டா என்னங்கம்மா சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான்னு சொல்லுவேன் கண்ணு. அவ என்னைய வெறுத்தா வெறுத்துட்டுப் போறா. அவங்கம்மாள வெறுக்கக் கூடாதுங்க."