ஒழுகும் பாட்டிலோடு ஸ்விங்கன்பெர்க்

1996 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஸ்விங்கன்பெர்க் போனேன். ஊர் பார்க்க அல்ல. பேராசிரியர் வீட்டில் மதிய விருந்து. அவருடைய ஆய்வகத்தில் முதுநிலை ஆய்வுக்கு ஓர் இடம்தான் காலி. கேட்டிருந்தவர்கள் மூன்று பேர். கூப்பிட்டுச் சோறு போட்டு ஆளை எடை போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

கூட வந்தவன் ஜெயந்தன். யாழ்ப்பாணத்துக்காரன், பத்து வயதில் இங்கே வந்தவன், அதே ஆய்வகத்தில் ஏற்கெனவே வேலை செய்பவன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று காலையில் சந்தைக்கு இழுத்துப்போய் ஃபெடர்வைசர் ஒரு பாட்டில் வாங்க வைத்தான். ஆறு மார்க். திராட்சைச் சாறு பாதி புளித்து, ஒயின் ஆகும் முன்பே விற்கிறார்கள். நிறம் அரிசி கழுவிய தண்ணீர். மூடி தளர்ந்து, ஓரத்தில் நுரை கசிந்தது.

"யாரோ திருப்பிக் கொடுத்த பாட்டிலை நம்ம தலையில கட்டிட்டான்டா."

"இல்லை மச்சான், இதை இப்பிடித்தான் விக்கிறவங்கள். இறுக்கி மூட ஏலாது."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? எங்கட வீட்டிலயும் திறந்துதான் வைக்கிறது."

காரணம் சொல்லத் தெரியாத விஷயத்தை நான் நம்புவதில்லை. அதோடு என் பையில் பேராசிரியரிடம் காட்டவேண்டிய ஆய்வுத் திட்டமும் இருந்தது. ஜெயந்தன் டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில், விடுதிக் குழாய் ஒழுகலை அடைக்க வாங்கி வைத்திருந்த டெஃப்லான் டேப்பை எடுத்தேன். மரையில் நாலு சுற்று. மூடியை முழுப் பலத்தோடு முறுக்கினேன். தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை. நிம்மதியாகப் பையில் படுக்க வைத்தேன்.

ரயிலில் இருபது நிமிடம். ஸ்டேஷனிலிருந்து பேராசிரியர் வீட்டுக்கு நல்ல ஏற்றம். பை முதுகில் குதித்துக்கொண்டே வந்தது. போனதும் பாட்டிலை மேசையில் வைத்தேன், பக்கத்திலேயே ஹீட்டர். பேராசிரியரின் மனைவி சூடான வெங்காயக் கேக்கை நடுவில் வைத்துவிட்டு, "விருந்தாளியே திறக்கட்டும்" என்றார்.

திறந்தேன். மூடி என் கையிலிருந்து பறந்து விளக்கில் மோதியது. பின்னாலேயே நுரை கூரைவரை போய், கேக் மீதும் பேராசிரியரின் கண்ணாடி மீதும் இறங்கியது. நொதித்துக்கொண்டிருக்கும் திரவம், அடைத்த கலம், போக வழியில்லாத வாயு. முதலாண்டு மாணவன்கூடச் செய்யமாட்டான்.

"என்னடா செய்தனி?" என்றான் ஜெயந்தன், மேசைக்கு அடியிலிருந்து.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பாட்டில் கழுத்தில் தொங்கிய வெள்ளை டேப்பை இழுத்துப் பார்த்தார்.

"இது உன் வேலையா?"

"ஆமாம்."

"கொஞ்சமும் ஒழுகவில்லையா?"

"இல்லை."

மனைவி துணியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஜெயந்தனைக் காட்டி, "ஒரு மாதமாக எங்கள் ஆய்வகத்துக் குழாய் இணைப்பு ஒழுகுகிறது. இவனும் இருக்கிறான், ஒழுகலை நிறுத்தவில்லை" என்றார். "திங்கட்கிழமை அந்த டேப்போடு வா. திட்டத்தைப் பிறகு படிக்கிறேன்."

அடியில் மிஞ்சியதில் ஆளுக்கு அரை கிளாஸ் கிடைத்தது. இனிப்பு, நுரைப்பு, கடைசியில் கள் வாடை. நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. இரவு வயிறு அந்தச் சந்தேகத்தை உறுதி செய்தது.

போகிறவர்களுக்கு: இது இலையுதிர்காலத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். முதல் நாள் கால் கிளாஸோடு நிறுத்துங்கள். வெங்காயக் கேக்கில் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பாட்டிலை நிமிர்த்திக் கையிலேயே பிடித்து வாருங்கள், சட்டை நனைந்தாலும் பரவாயில்லை. ஒழுகாத பாட்டிலை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.