ஒரே புருஷனை இரண்டு முறை விவாகரத்து செய்த ஆர்லீன்

விவாகரத்து வாங்குவதில் ஆர்லீன் க்ளோஃபரை மிஞ்ச எங்கள் டோபின் கவுண்டியில் ஆள் கிடையாது. ஒஹையோ மாநிலத்தில் கிடையாது. அமெரிக்காவில் கிடையாது. சந்திரனில் யாராவது குடியிருந்து, அவர்களுக்குள் ஒத்துவராமல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அங்கேயும் கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் ஒரு புருஷனுக்கு ஒரு விவாகரத்து என்று அற்பமாகத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். ஆர்லீன் ஒரே புருஷன் மேல் இரண்டு முறை கேஸ் போட்டவர்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவர் ஆர்லீன். ஆரஞ்சுத் தொப்பி போட்டிருப்பார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காலி காபிக் கோப்பையில் துப்புவார். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி உண்டு. அது முழுக்க ஜோடி சேராத கையுறைகள். கையுறை மறந்து வரும் பிள்ளையிடம், "ரெண்டு எடுத்துக்க, கலரெல்லாம் பார்க்காத" என்பார். ப்ரூயிட் வீட்டுச் சின்னப் பெண்ணைச் சாயங்காலம் இறக்கிவிட்டால், அந்த வீட்டுக்குள் விளக்கு எரிகிற வரை பஸ் நகராது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கண்ணாடியில் பார்த்துக் கையாட்டுவார், ஏதோ அவன் வணக்கம் சொன்ன மாதிரி.

இப்படிப்பட்டவருடைய பஸ்ஸில் குறும்பு செய்யாமல் இருப்பது எப்படி? பஸ்ஸின் பக்கவாட்டில் நீளும் ஸ்டாப் பலகைக்குப் பொம்மைக் கண்கள் ஒட்டினேன். கையுறைப் பெட்டியில் ரப்பர் பாம்பை விட்டேன். ஒரு தடவைகூட அவர் கத்தவில்லை, பிரின்சிபாலிடம் போகவில்லை. பெரிய கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். "டெஸ். சீட் ரெண்டு." அவ்வளவுதான். சீட் இரண்டு என்பது அவருக்கு நேர் பின்னால் இருப்பது. ஆறாம் வகுப்பிலிருந்து அது எனக்கு ஆயுள் தண்டனை.

ஒவ்வொரு குறும்புக்கும் அப்பா ஒரு டோனட் பெட்டியோடு ஆர்லீன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பார். அப்பா தீவன மில்லில் வேலை செய்கிறவர், பேச்சு குறைவு. அம்மா அவரை விட்டு டூசான் நகரத்துக்குப் போன பிறகு இன்னும் குறைவு. ஆனால் போகப் போக, நான் ஒன்றுமே செய்யாத வாரங்களிலும் டோனட் வாங்கத் தொடங்கினார். நான் அவர்களுக்குக் கல்யாணத் தரகர் என்று யாரும் சொல்வதில்லை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன ஜனவரியில் ஒருநாள், மாலை பஸ் வேலை முடிந்த கையோடு இருவரும் கல்யாண லைசென்ஸ் எடுக்கக் கவுண்டி கோர்ட்டுக்குக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். முந்தைய கல்யாணம் முடிந்ததற்கான தீர்ப்பு நகலை ஜன்னலில் கேட்டார்கள். அப்பா தன்னுடையதை நீட்டினார். ஆர்லீன் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, நீல முத்திரை குத்திய ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். பத்தொன்பது வருஷமாக அங்கேயே இருந்த காகிதம்.

ஜன்னல் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேடம், இது நீங்க கேஸ் போட்டப்போ குடுத்த மனுவோட நகல். தீர்ப்பு வேற இருக்கும். கீழ ரெக்கார்டு ரூம்ல கேளுங்க."

ரெக்கார்டு அறையில் இருந்த மார்லா, ஆர்லீனோடு பள்ளியில் படித்தவர். "புதுப் பொண்ணு வந்தாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பெட்டியோடு வந்தார். சிரிப்பைக் காணோம்.

"ஆர்லீன், விசாரணைக்கு நீ வரவே இல்லையே?"

"எப்படி வருவேன்? அன்னிக்குப் பேய்ப் பனி. மூணாம் நிலை எச்சரிக்கை. ரோட்டுல எவன் வண்டிய எடுத்தாலும் பிடிச்சு உள்ள போடுவேன்னு ஷெரீஃப் ரேடியோவில சொல்றாரு. உன் கோர்ட்டே மூடித்தானே கெடந்துச்சு?"

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன? அன்னிக்கு ஸ்கூலும் லீவு. பனிக்கு விட்ட லீவுக்கு ஈடா வேற நாள் ஸ்கூல் வைக்க வேண்டாம்னு விட்டுட்டாங்க. இங்கயும் அப்படித்தான் விட்டிருப்பாங்கன்னு..."

"ஸ்கூல்ல விடுவாங்க கண்ணு," என்றார் மார்லா மெதுவாக. "கோர்ட்டு வேற தேதி குடுத்திருக்கு. ஏரிக்கரை வீட்டுக்கு லெட்டர் போயிருக்கு. நீங்க ரெண்டு பேருமே வரல. கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"ஏரிக்கரை வீட்டுல டெல்மர் இருந்தாரு. நான் அதுக்குள்ள வெளிய வந்துட்டேன். அந்த மனுஷன் லெட்டரே பிரிக்க மாட்டாரு."

"அப்போ நீ இன்னும்..."

"சொல்லாத, மார்லா."

மார்லா சொல்லவில்லை. ஆனால் ஆர்லீன் இன்னும் டெல்மர் க்ளோஃபரின் மனைவிதான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் சேர்த்து. நான் சிரித்தேன். அப்புறம் ஆர்லீன் முகத்தைப் பார்த்தேன்.

காரில் அப்பா சொன்னார்: "ஒண்ணும் கெட்டுப் போகல. டெல்மரும் நீயும் சேர்ந்து மனு போட்டா சுலபம்னு மார்லா சொன்னாளே. ஒரு மாசம் காத்திருக்கணும், ரெண்டு பேரும் ஒரு தடவை நேர்ல வரணும். அவ்வளவுதானே?"

"பத்தொன்பது வருஷம் கழிச்சு அவர் வாசல்ல போய் நின்னு, நான் ஒழுங்கா முடிக்கல, இன்னொரு தடவை கையெழுத்துப் போடுங்கன்னு கேட்கவா? மூணு வருஷமா உன்கூட சர்ச்சுக்கு வர்றேன், வாரன். கையைக் கோத்துக்கிட்டு. கல்யாணம் ஆனவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வரவில்லை. அடுத்த வாரம் அப்பாவின் பிக்கப் வண்டி வைப்பருக்கு அடியில் ஒரு உறை இருந்தது, உள்ளே அப்பா போட்ட நிச்சயதார்த்த மோதிரம். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாலில் கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டிக்கொண்டு, அது ஊறிக் கூழாகும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் என் வழியில் முயற்சி செய்தேன். ஸ்டியரிங்கில் ரப்பர் சிலந்தி ஒன்றை வைத்தேன், பெரியது, கால்களில் மயிர் உள்ளது. ஆர்லீன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. நானாகவே போய் சீட் இரண்டில் உட்கார்ந்தேன். அதையும் அவர் கவனிக்கவில்லை. உலகம் கெட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் புல்வெட்டி மெஷின் தானாகவே கெட்டுப்போனது. பிப்ரவரியில் புல் வெட்டுகிறவர் யாரும் இல்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் முன்கூட்டியே சரிசெய்வது நல்ல பழக்கம். எங்கள் ஊரில் அதற்கு நிறையக் கடைகள் இருக்கின்றன. எனக்கென்னவோ ஏரிக்கு அப்பால் இருக்கும் டெல்மர் க்ளோஃபர் கடைதான் சரியென்று பட்டது. பதினாறு வயதாகி வண்டி ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்த தைரியத்தில், மெஷினை அப்பாவின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

டெல்மர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில். மெஷினைக் குனிந்து பார்த்தார்.

"இதோட ஸ்பார்க் ப்ளக் எங்க?"

"தெரியல. ஓடிப்போச்சு."

"ப்ளக்கு தானா ஓடாது, பாப்பா."

அவர் புதிய ப்ளக்கைப் பொருத்தி, அதன் வயரில் பச்சை டேப் சுற்றத் தொடங்கினார். அந்தச் சமயம் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு ஆர்லீன்னு ஒருத்தங்களைத் தெரியுமா?"

"என் பழைய பொண்டாட்டி."

"பழசு இல்ல. இப்பவும்தான்."

அவர் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தார். நான் பனி நாள் கதையைச் சொன்னேன். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

"நாங்க சண்டைகூடப் போட்டதில்ல," என்றார். "ஒரே படத்தை ரெண்டு ரூம்ல ரெண்டு டிவியில பார்ப்போம். அப்படியே முடிஞ்சுபோச்சு. நல்லா இருக்காளா? இன்னும் விதை துப்பறாளா?"

"துப்பறாங்க. இப்ப கொஞ்ச நாளா இல்ல."

"உங்கப்பா எப்படிப்பட்ட ஆளு?"

"சமையல் சுமார். பாத்திரம் கழுவுவாரு."

"அது போதும்." அவர் எழுந்து, மூலையில் இருந்த பழைய லெட்டர் மூட்டையைக் கிளறினார். நிஜமாகவே கோர்ட்டு உறை ஒன்று அகப்பட்டது, ஒட்டியது ஒட்டியபடியே. "பாரு, சாமானை ஒதுக்கும்போது இது கிடைச்சுது. நானாத்தான் அவளுக்குப் போன் பண்றேன். நீ இங்க வரவே இல்ல. உன்னை எனக்குத் தெரியவே தெரியாது."

அன்று மாலையே போன் பண்ணினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பஸ்ஸில் காபிக் கோப்பை நிறைய விதைத் தோல் இருந்தது.

இருவரும் சேர்ந்து மனு போட்டார்கள். மார்லா ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்துக் காட்டினாராம். "இங்க கையெழுத்து. இங்கயும். விசாரணைத் தேதியை நெத்தியில எழுதிக்க, ஆர்லீன். பனி பேஞ்சாலும் பூகம்பம் வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் வரணும்."

ஏப்ரலில் விசாரணை. அன்று காலை, யாரும் எதிர்பார்க்காமல், பனி கொட்டியது. ஆர்லீன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, டயரில் சங்கிலி கட்டிய பதினான்காம் நம்பர் பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலுக்கு வந்தார். அப்பாவும் நானும் அங்கே நின்றிருந்தோம். வாசலில் ஏற்கெனவே ஒரு பிக்கப் நின்றிருந்தது, மேலெல்லாம் பனி மூடி. கண்ணாடி இறங்கியது. உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு, கழுத்தில் டை கட்டிய டெல்மர்.

"எப்ப வந்தீங்க?" என்றார் ஆர்லீன்.

"நேத்தே வந்துட்டேன். ரேடியோவில பனின்னு சொன்னான். இன்னொரு பத்தொன்பது வருஷம் நம்மால தாங்க முடியாதுடி."

ஆர்லீன் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். "காதெல்லாம் செவந்து போச்சு" என்றார். இருவரும் சேர்ந்து படியேறினார்கள். திரும்பி வந்தபோது ஆர்லீன் கையில் தீர்ப்பு நகல் இருந்தது. அவர் அதைப் பைபிளில் வைக்கவில்லை. நேராக மேல்மாடி லைசென்ஸ் ஜன்னலுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனார். அப்பாவின் சட்டைப் பையிலேயே மோதிரம் இருந்தது.

அன்றைக்கே லைசென்ஸ் எடுத்தார்கள். கல்யாணம் மே மாதம் என்று முடிவானது, எங்கள் வீட்டு முற்றத்தில். முந்தின நாள் புல் வெட்ட வேண்டும் என்று ஆர்லீன் ஷெட்டுக்குள் போனார். அப்பா நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒயின் கோப்பைகளுக்குப் பொம்மைக் கண்கள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

"டெஸ்."

திரும்பினேன். ஆர்லீன் ஷெட் வாசலில் நின்றிருந்தார்.

"ப்ளக் வயர்ல பச்சை டேப் சுத்தற ஆளு இந்தப் பக்கத்துல ஒரே ஒருத்தர்தான். அவர்கூட நான் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"அப்படியா? அப்பா எங்கயாவது குடுத்திருப்பாரு..."

அவர் உள்ளங்கையைத் திறந்தார். ஓடிப்போன பழைய ப்ளக். "இது ஷெட்டுல நீ ரப்பர் சிலந்தி வைக்கற டப்பாவுல இருந்துச்சு."

ஆர்லீன் கிட்டே வந்து, என் முடியில் ஒட்டியிருந்த ஒரு பொம்மைக் கண்ணை எடுத்துத் தன் ஆரஞ்சுத் தொப்பியில் ஒட்டிக்கொண்டார்.

"நாளைக்கு மோதிரம் மாத்தும்போது நீ எனக்கு நேர் பின்னாடி நிக்கற. என் பூச்செண்டைப் பிடிச்சுக்கிட்டு."

"நானா? எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதா?" என்றார். "சீட் ரெண்டு."