டர்போவுக்கு ஒரு நிமிடம்

இரத்தினபுரியில் ஒரு மாணிக்க வியாபாரி தன் பழைய சொகுசுக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். டர்போ எஞ்சின்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையில் அந்த இழுவை மற்ற எஞ்சினுக்கு வராது.

அவருடைய டிரைவர் என்னை றக்வான வரை ஏற்றிப்போய்க் காட்டினார். நரைத்த மீசை, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. தேநீர்க் கடை வாசலில் நிறுத்தியவர் எஞ்சினை அணைக்காமல், ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அதற்குள் இறங்கிவிட்டேன்.

“ஏன் அணைக்கல?” என்றேன்.

“மலையேறி வந்த டர்போ சேர், ஒரு நிமிஷம் ஓடியே சூடு ஆறணும். ஒடனே அணைச்சா கெட்டுரும். வீட்டுக்குப் போனா நீங்க இப்பிடி உக்காந்திருப்பீங்களா?”

“எங்கங்க? வண்டி நின்னதும் சாவிய எடுத்துருவேன்.”

“அப்ப டர்போ இல்லாததா பாருங்க. கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனா ஒங்கள பொறுத்துக்கும்.”

“ஒங்க மொதலாளி வண்டிய நீங்களே விக்க விடமாட்டீங்க போலயே.”

“மொதலாளி விக்கிறாரு சேர். நான் அதுக்கு ஆள் பாக்குறேன்.”

டர்போ இல்லாத வேறொரு காரைத்தான் பிறகு வாங்கினேன். நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குக் கார் பார்க்கப் போனவன் நான். என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர் அந்த டிரைவர்.