அந்நியக் கரையில் என் பங்கு மீன்

என் பதினாறாம் வயதில், டென்மார்க் தேசத்தில், மீன் திருடியவள் என்று நான் பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் நெடுநேரம் நிலைக்கவில்லை. ஆயினும் அதை வாங்கிய விதத்திலும் அதைக் களைந்த விதத்திலும் எனக்கு இன்றளவும் பெருமையே உண்டு. ஆகையால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. விடுமுறை நாட்களில் நான் மாமல்லபுரத்துக்குப் போய் வெளிநாட்டாருக்குக் கிளிஞ்சல் மாலை விற்று வந்தேன். அதனால் பள்ளிக்கூடம் கற்பிக்காத ஓர் ஆங்கிலம் எனக்கு வாய்த்திருந்தது. விலை பேசவும், சண்டை பிடிக்கவும், போகிறவரைத் திரும்பி வரவழைக்கவும் அது போதும். மாணவர் பரிமாற்றத் திட்டக்காரர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பேசச் சொன்னபோது, இலக்கணம் கற்றவர்கள் பிழை வருமோ என்று அஞ்சி மௌனமாக நிற்க, பிழையைப் பற்றிய கவலையே இல்லாத நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவ்விதமாகவே ஓராண்டுக் காலம் டென்மார்க்கில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கத் தேர்வு பெற்றேன்.

புறப்பட்ட நாளில் குப்பம் முழுவதும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்று அழைப்போம். பேருந்து நகரும் தறுவாயில் அவர் சன்னலருகே வந்தார்.

"தா, அங்க போயி எத்தயும் கேட்டுக்கினு கைய நீட்டிக்கினு நிக்காத. தெர்தா?"

"அப்ப சோறு போட்டா கூட துன்ன வேணாமா நைனா?"

"வாயப் பாரு வாய" என்று அம்மா சன்னல் வழியே கையை விட்டு என் கன்னத்தில் இடித்தாள்.

டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் எனக்கு வீடு அமைந்தது. அந்த வீட்டு ஐயா ஒரு பள்ளியில் தச்சு வேலை கற்பிப்பவர். அந்த வீட்டு அம்மாள் அஞ்சலகத்தில் பணியாற்றுபவர். பிள்ளைகள் இல்லை. இருவரும் என்னை மிகுந்த மரியாதையோடு நடத்தினார்கள். அந்த மரியாதைதான் என்னை வாட்டியது. தட்டைக் கழுவப் போனால் நன்றி சொல்லித் தட்டை வாங்கிக்கொள்வார்கள். துடைப்பத்தைத் தொட்டால் அதற்கும் ஒரு நன்றி. பள்ளியில் உடன் படித்தவர்கள் யானையைப் பற்றி விசாரித்தார்கள். குப்பத்தில் யானை இல்லை என்று சொல்லி அவர்களை வருத்த மனமில்லாமல், இரண்டு இருக்கின்றன என்று சொல்லிவைத்தேன். குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எந்நேரமும் விருந்தாளியாகவே இருப்பதுதான் பொறுக்க முடியாத வேலையாக இருந்தது.

பள்ளி இல்லாத நாட்களில் கடற்கரைக்குப் போய் நிற்பேன். அவ்வூரில் துறைமுகம் கிடையாது. எங்களைப் போலவே படகுகளை மணலில்தான் ஏற்றினார்கள். நாங்கள் தோள் கொடுத்து ஏற்றுவதை அவர்கள் இயந்திரத்தையும் இரும்பு வடத்தையும் கொண்டு ஏற்றினார்கள், அவ்வளவே வேற்றுமை.

எங்கள் குப்பத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கரைக்கு வரும் படகைத் தள்ளி ஏற்றக் கை கொடுத்தவர் எவராயினும், அந்தப் படகில் அவருக்குக் குழம்புக்கு மீன் உண்டு. அதை அவர் கேட்க மாட்டார். கேட்டால் அது பிச்சையாகிவிடும். படகுக்காரரும் எடுத்துக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் அது தருமமாகிவிடும். தள்ளியவர் தாமே குனிந்து, பெரிதும் இல்லாமல் பொடியும் இல்லாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். அந்நேரம் படகுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் காற்று மிகுந்திருந்தது. கரையேறும் தறுவாயில் ஒரு படகை அலை பக்கவாட்டில் அடித்துத் திருப்பிவிட்டது. வடம் தளர்ந்தது, கரையில் நின்றவர்கள் கூச்சலிட்டபடி நீருக்குள் ஓடினார்கள். நானும் ஓடினேன். இடுப்பளவு நீரில், எலும்பைக் குடையும் குளிரில், படகின் விலாவில் தோளை வைத்துத் தமிழில் உரக்கக் கத்திக்கொண்டு தள்ளினேன். படகு நிமிர்ந்து மணலேறியது. அந்த ஊருக்கு வந்தபின் என் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது அன்றுதான்.

பெட்டிகளை இறக்கினார்கள். நான் குனிந்து, எங்கள் நாக்கு மீனுக்குச் சற்று உடம்பு வைத்தாற்போன்ற ஒரு தட்டை மீனை எடுத்துக்கொண்டேன். படகுக்காரர் கடலைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். நாகரிகம் அறியாத மனிதர் என்று எண்ணிக்கொண்டு, செவுளில் விரலைக் கோத்து மீனைத் தூக்கியபடி நிமிர்ந்து நடந்தேன்.

மீனைக் குளிர்பெட்டியில் வைத்து, ஈர உடை மாற்றி முடிப்பதற்குள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. கரையில் பார்த்தவர் எவரோ சொல்லி, பரிமாற்றத் திட்டத்தின் பொறுப்பாளரான அம்மையாருக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் அவர் படகுக்காரரோடு வருவாராம். மீனைத் திருப்பிக் கொடுத்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மறுத்தால் திட்டத்தின் விதிப்படி என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அந்த வீட்டு ஐயா என் எதிரில் அமர்ந்து, "ஒரே ஒரு சொல். அது மிகச் சிறிய சொல்" என்று மன்றாடினார். சொல்ல மாட்டேன் என்றேன். பேருந்து நிறுத்தத்தில் கூடிய முகங்கள் அத்தனையும் என் கண்முன் வந்து நின்றன. திருடி என்ற பெயரோடு அந்த நிறுத்தத்தில் இறங்க எனக்கு மனமில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கவும் நா எழவில்லை. பெற்றவர் சொன்னால் கேட்பாள் என்று நம்பியோ என்னவோ, ஐயா எங்கள் ஊருக்குத் தொலைபேச ஏற்பாடு செய்தார்.

அந்நாளில் எங்கள் குப்பம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி ஐஸ் கடை பாயிடம்தான் இருந்தது. "யாரு, நம்ம பொண்ணா? வெச்சுடாதம்மா, உங்க நைனாவ இட்டாரச் சொல்றேன்" என்று பாய் கத்துவது கேட்டது. சற்றைக்கெல்லாம் அப்பாவின் மூச்சிரைப்பு கேட்டது.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"படகு ஏறிச்சா?"

"ஏறிச்சு நைனா."

"நீ கை குட்த்தியா?"

"தோள வச்சித் தள்ளினேன். இடுப்பு வரிக்கும் தண்ணி."

"கேட்டு வாங்கினியா, நீயா எட்த்தியா?"

"நானாதான். அவரு பாக்கசொல்லோதான் எடுத்தேன்."

"அப்ப அது உன்து. இன்னாத்துக்கு மன்னிப்பு?"

"கேக்கலன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம் நைனா."

கடையில் ஐஸ் உடைக்கும் ஓசை கேட்டது.

"அனுப்சா வா. திருடினேன்னு மட்டும் சொல்லிட்டு வராத."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மொளகாத்தூளு கீதாடி அங்க? வெறும் மீனயா துன்னப் போற?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டு, என் தந்தையாரும் மறுத்துவிட்டார் என்று அறிவித்தேன். அந்த வீட்டு ஐயா தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். அந்த வீட்டு அம்மாள் எழுந்தார். குளிர்பெட்டியைத் திறந்து மீனை எடுத்தார். கழுவி, மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்தார். மூன்று தட்டுகளில் பங்கிட்டு உருளைக்கிழங்கோடு மேசையில் வைத்தார். ஐயா ஏதோ தணிந்த குரலில் தடுத்தார்; அம்மாள் அவருடைய தட்டை அவர் பக்கமாக இன்னும் சற்று நகர்த்தினார். இருவரும் உண்ணத் தொடங்கினார்கள். நானும் உண்டேன்.

மறுநாள் பொறுப்பாளர் அம்மையாரும் படகுக்காரரும் வந்தார்கள். அம்மையார் முதலில் மீனைக் கேட்டார்.

"இல்லை. நாங்கள் மூவரும் சாப்பிட்டுவிட்டோம்" என்றார் அந்த வீட்டு அம்மாள்.

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. இரவெல்லாம் நான் ஆயத்தம் செய்த வாதம் தொடங்குமுன்னே சமையற்பேச்சு வந்து குறுக்கிட்டதே என்று எனக்கு எரிச்சல். எழுந்தேன். சாப்பாட்டு மேசையைப் படகாக்கித் தோள் கொடுத்துத் தள்ளிக் காட்டினேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் கரையில் அந்த மீனை எடுக்காமல் போவதுதான் படகுக்காரருக்கு அவமானம் என்றேன். மாலை விற்ற ஆங்கிலம் அன்று முதன்முதலாக விலை பேசாமல் நியாயம் பேசியது.

படகுக்காரர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நேற்று என் தங்கை மகன் முழங்கால் நனையாமல் கரையில் நின்றான். அவன் ஒரு பெட்டி மீன் கொண்டு போகிறான். இவளைப் பற்றி யார் புகார் சொன்னது? நான் சொல்லவில்லையே!" என்றார். அடுத்த சனிக்கிழமை தொடைவரை வரும் ரப்பர் காலணி அணிந்து கரைக்கு வரும்படி எனக்குச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். பொறுப்பாளர் அம்மையாரும் தம் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னே போனார். அன்று இரவு நான் தட்டுகளைக் கழுவினேன். எவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை அந்தக் கரையில் எனக்குப் பங்கு இருந்தது.

ஊர் திரும்பியபின் இக்கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்நிய தேசத்தில் தனியொருத்தியாக நின்று வாதாடி வென்றேன் என்றே சொல்வேன். மேற்கொண்டு கல்லூரிக்குப் போகாமல், கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்த காலத்திலும், அப்பாவுக்குப்பின் படகை நானே நடத்திய காலத்திலும் அந்த வெற்றியே எனக்குத் துணிவு தந்தது. அக்கதையில் அந்த வீட்டு அம்மாள், மிளகாய் இல்லாமல் மீன் பொரித்தவராக மட்டுமே வருவார். கேட்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலையில், நான் வெல்வேனா என்பது அவருக்குத் தெரியாது. என் வழக்கமும் அவருக்குத் தெரியாது. நான் யாரிடமும் அதுவரை அதை விளக்கவே இல்லை. மீனை மறுநாள் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் வீட்டுக்கு ஒரு பழியும் இல்லை. அஞ்சலகத்தில் ஊரார் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். இவள் திருடியவள் என்று தீர்ப்பானால், அந்த மேசையில் ஒருத்தி மாத்திரம் திருடியவளாக இருக்கலாகாது என்று அவர் எண்ணியிருக்கிறார். நானோ, அவருக்குப் பசி போலும் என்று நினைத்துக்கொண்டு, உப்புப் போதவில்லை என்று மனத்துக்குள் குறை சொன்னபடி என் பங்கைத் தின்று முடித்தேன்.