மூன்றாவது மாடி ஜன்னல்

"முதல் மாடி. பார்த்து இறங்குங்க" என்கிறார் லிஃப்ட்காரர், படியேறி மூச்சு வாங்க நிற்கிற எங்களிடம். இறங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதும் ஒரு காலை முன்னால் வைத்துவிடுகிறோம். சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி விரித்து வைத்திருக்கிறார். அதைக் காட்டுகிறார், ஒருவர் மாற்றி ஒருவர் உட்காருகிறோம்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் முப்பத்துநாலு வருஷம் பொத்தான் அழுத்தியவர். சமுதாயக் கல்லூரியில் வயசானவர்களுக்கென்று புதன்கிழமை மத்தியானம் நடக்கிற ஓவிய வகுப்பில் அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். எழுபத்திரண்டு வயசு, ஒல்லி உடம்பு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. எந்த அறைக்குள் போனாலும் இரண்டு எட்டு வைப்பார், திரும்பிக் கதவைப் பார்த்து நின்றுகொள்வார். முதல் வாரம் ஓவிய டீச்சர் பயந்துபோய், "என்னங்கய்யா, இப்பத்தானே வந்தீங்க, அதுக்குள்ள கிளம்பறீங்களா?" என்று கேட்டாள்.

முகம் அவருக்கு நினைவில் நிற்காது. செருப்புதான் நிற்கும். "லிஃப்டுக்குள்ள யாரும் யார் மூஞ்சியையும் பாக்க மாட்டாங்கம்மா. எல்லாரும் தரையைத்தான் பாப்பாங்க. நானும் அப்படியே பழகிட்டேன்" என்பார். இன்றைக்கும் என் காலைப் பார்த்துத்தான் நலம் விசாரிக்கிறார். "வார் அறுந்து ஒரு மாசம் ஆச்சே, இன்னும் தைக்கலையா?"

வேலையைப் பற்றிக் கேட்டால் ரொம்பச் சொல்ல மாட்டார். "மேல போறப்ப ஒருத்தி அழுவா. கீழ வர்றப்ப ஒருத்தன் அழுவான். நடுவுல நான் என்ன பண்ண? பொத்தானை அமுக்குவேன்." சொல்லிவிட்டு இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நிற்பார். அவ்வளவுதான்.

அந்த லிஃப்ட் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை என்பதை, ஏறுகிறவர்களின் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வாராம். இப்போது இருப்பது மகன் வீட்டுப் பின்னறை. அங்கே ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். எங்கள் ஓவிய அறை மூன்றாவது மாடி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. தூரத்துத் தண்ணீர்த் தொட்டி, கூரைகள், அதற்கு மேல் வானம் வானமாக இருக்கும். நாங்கள் பூ, பழம் என்று வரைய, அவர் மூன்று பருவமாக அந்த ஜன்னலை மட்டும்தான் வரைகிறார். ஒரு நாள் காகிதத்தின் அடியில் ஒற்றைக் கோடு, மேலே ஒன்றுமே இல்லை. "என்னங்கய்யா, வெறும் காகிதமா இருக்கு?" என்றாள் டீச்சர். "இன்னைக்கு மேகம் இல்லைம்மா" என்றார்.

மூன்று மாசத்துக்கு முன்னால் கல்லூரி லிஃப்ட் நின்றுபோனது. அவர் மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "மோட்டார்தான் போயிருக்கு. ரோப்புக்கு ஒண்ணும் இல்லை." தொட விடுவார்களா? கம்பெனி ஆள் வர வேண்டுமாம். கம்பெனி ஆள் வந்தபாடில்லை. பதினான்கு பேர் பத்தாகி, பத்து ஏழாகி, ஒரு வாரம் வெறும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

கல்லூரி ஆபீஸ் அம்மா வந்து சொன்னாள்: "வர்ற மூணாவது புதன்கிழமை எண்ணிப் பாப்பேன். மேல எட்டுப் பேர் இருந்தா வகுப்பு இங்கேயே நடக்கும். இல்லேன்னா கீழ சாமான் ரூமுக்கு மாத்திடுவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." சாமான் ரூமை நான் பார்த்திருக்கிறேன். நாலு சுவர், ஒரு டியூப் லைட். ஆனாலும் கீழேயே போகலாம் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினவள் நான்தான். எனக்கு முழங்கால் பெரிசா, இவருடைய ஜன்னல் பெரிசா?

லிஃப்ட்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க போங்கம்மா. நான் வரலை. பெட்டிக்குள்ள நின்னது போதும்" என்றார்.

அடுத்த புதன்கிழமை மாடிக்கு ஒன்றாக இரண்டு நாற்காலி வந்துவிட்டது. வராமல் நின்றவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசி, மூன்று பேரைத் திருப்பிக் கூட்டி வந்திருந்தார். படியடியில் நின்றுகொண்டு, "ரெண்டு ரெண்டு பேரா வாங்க, ஓவர்லோடு வேண்டாம்" என்கிறார். விழுந்தால் பிடிக்க நமக்குப் பின்னாலேயே ஏறுகிறார். மேலே விட்டுவிட்டு அடுத்த இரண்டு பேருக்காகத் திரும்ப இறங்குகிறார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் எங்களோடு படிக்கிறார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"யோவ், ஆயுசுக்கும் ஏறி இறங்கினது போதாதா உனக்கு?"

"அது லிஃப்ட் ஏறினது. நான் ஒரு படிகூட ஏறலை. இப்பத்தான் ஏறுறேன்" என்றார். பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு எடுத்துக்கொண்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எண்ணுகிற புதன்கிழமை கடைசியாக ஏறினது நானும், எங்களோடு படிக்கிற தையல்காரம்மாவும். எங்களை அறை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலிகளை எடுத்து வர அவர் திரும்பவும் இறங்கினார். படியில் விட்டால் காவலாளி தூக்கிப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அம்மா மறுபக்கப் படி வழியாக வந்து நின்றாள். அவளுக்கும் வேர்த்துக் கொட்டியது.

"ஏழு பேர்தானே இருக்கீங்க."

"இன்னொருத்தர் படியில வந்துட்டிருக்கார்" என்றாள் டீச்சர்.

"மேல இருக்கறவங்களைத்தான் எழுத முடியும். கையெழுத்துப் போடுங்க, நான் கீழே போகணும்."

மற்ற ஆறு பேரும் போட்டுவிட்டார்கள். நோட்டு என்னிடம் வந்தது. நான் கைநாட்டு. மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன், "எந்த விரலும்மா? இடதா, வலதா?"

"போன வாரம் எதை வச்சீங்களோ அதையே வைங்க பாட்டி."

"அதுதான் ஞாபகம் இல்லை."

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இடது கட்டை விரலை மையில் வைத்தேன், காற்றில் ஆற்றினேன், மை போதவில்லை என்று மறுபடி வைத்தேன், அதிகமாகிவிட்டது என்று கைக்குட்டையில் துடைத்தேன். மற்ற விரல்களில் ஒட்டியிருக்கிறதா என்று அவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஆபீஸ் அம்மா என்னையே பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியில் இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

இரண்டு தோளிலும் இரண்டு நாற்காலியோடு வந்தார். உதடு வெளுத்திருந்தது. நாற்காலிகளைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் கட்டை விரலை அழுத்தி வைத்துவிட்டு, எட்டாவது கையெழுத்துக்கு நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல இரண்டு எட்டு வைத்தார், திரும்பினார், தானாகச் சாத்திக்கொள்ளப் போன கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் யாராவது வருகிறார்களா என்று வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.