பூப் போட்டுப் பார்த்த படிப்பு

எங்கள் தெருவில் பத்தாவது முடித்த பிள்ளைகளைப் பார்த்து யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். "என்ன குரூப்பு?" என்றுதான் கேட்பார்கள். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் முகம் மலரும். ஹிஸ்டரி குரூப் என்றால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி, "பரவால்ல, அதுவும் படிப்புதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தேன். அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கடலூரில் புதுப்பாளையம். அப்பா சிதம்பரம் சாலையில் இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றிக் கொல்லைப்பக்கக் கொடியில் தனியாகப் போடுவார். வீட்டுத் துணியோடு சேர்த்தால் எல்லாத் துணியிலும் கெமிக்கல் நாற்றம் அடிக்கும். அந்தக் கம்பெனியில் ஒரு லேப் இருந்தது. அதில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஏசியில் உட்கார்ந்து சாம்பிள் பார்க்கிறவர்கள் எல்லாம் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். அப்பாவைவிட வயதில் எவ்வளவோ சின்னவர்கள். அப்பா அவர்களை "சார்", "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நாங்க சாம்பிள் எடுத்துட்டுப் போனா கண்ணாடிக் கதவுக்கு வெளியவே நிக்கணும். கைய மட்டும் உள்ள நீட்டணும்," என்பார். "நீ அந்தக் கதவுக்கு உள்ள இருக்கணும், பாப்பா."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. ஆசைதான் இருக்கும். எதிர்த்துப் பேச முடியாதபடி செய்தது அந்த ஆசைதான். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை, சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு அக்காக்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பற்றிக் கேட்டார்கள். அப்போது தெருக்கோடிக் குழாயில்தான் எல்லோரும் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா அம்மாவிடம், "வீட்டுக்குத் தண்ணி யாரும்மா எடுத்தாருவாங்க?" என்று கேட்டார்.

"அவருதாங்க. எல்லாத்தையும் அவருதான் பாத்துப்பாரு," என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்பா குடத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த அக்கா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "நேத்து காத்தால யாரும்மா எடுத்தாந்தாங்க?" என்றார்.

அம்மா யோசித்தாள். பிறகு சிரித்தாள். "நேத்தா? நேத்து நாந்தான்."

"முந்தாநேத்து?"

"அதுவும் நாந்தான்."

அதற்கப்புறம் அம்மா உட்கார்ந்து பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. குழாயடிச் சண்டை, குடத்தைத் தூக்கித் தூக்கி முட்டி வலி, ராத்திரி அந்த வலியில் தூக்கம் வராமல் கிடப்பது. எல்லாம் எனக்கே புதுச் செய்தி. ஒரே வீட்டில் இருக்கிறேன், அம்மாவுக்கு முட்டி வலி என்று ஊரான் வீட்டுப் பெண் வந்து கேட்டுத்தான் எனக்குத் தெரிகிறது. வெட்கமாக இருந்தது. அவர்கள் கிளம்பியதும் தெருமுனைவரை பின்னாலேயே ஓடினேன். "அக்கா, இது என்ன படிப்பு?" என்று கேட்டேன். "சோஷியாலஜி. சமூகவியல்," என்றார். இப்படிக் கேட்பதற்கு ஒரு படிப்பே இருக்கிறதா! அன்றைக்கு மனசில் விழுந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பிளஸ் டூ முடிந்த 2007ஆம் வருடம், இரண்டு இடமும் ஒரே வாரத்தில் கிடைத்தன. கடலூரில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடச் சமூகவியல். அப்பா முதல் கடிதத்தைச் சாமி படத்துக்கு அடியில் வைத்தார். இரண்டாவதைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்தார்.

"சோஷியல்தானே? அதான் பத்தாவது வரைக்கும் படிச்சியே. அதுல இன்னும் அஞ்சு வருஷம் படிக்க என்ன இருக்கு?"

அப்பாவுக்கு எதிர்க்கட்சி என் மாமா. அம்மாவின் அண்ணன். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவருக்குச் சமூகவியலும் தெரியாது, வேதியியலும் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழகம்தான் என்பது அவர் கட்சி. "மாப்ள, கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைங்கதான் எங்கடையில வந்து ஜாஸ்தி பயோடேட்டா எடுக்குதுங்க. வேல கெடச்சா ஏன் எடுக்கப் போவுதுங்க?" என்பார். "சோஷியல் படிச்சதுங்க எடுக்கலன்னா, அதுங்களுக்கு ஜெராக்ஸுக்கே வழியில்லன்னு அர்த்தம் மச்சான்," என்பார் அப்பா. இரண்டு பேரும் ஃபோனில் இப்படி மல்லுக்கு நிற்பார்கள்.

நடுவில் ஒரு நாள் அப்பா என்னையே கேட்டுவிட்டார். "நீ சொல்லு பாப்பா. உனக்கு எது?"

வாயைத் திறந்தேன். அவர் கழுத்துப் பக்கம் சட்டை உரசிச் சிவந்திருந்தது கண்ணில் பட்டது. "உங்க இஷ்டம்ப்பா," என்றேன். அந்தச் சொல் என் வாயில் எப்படித்தான் வந்ததோ! அன்றைக்கு முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைக் கேட்டால், "எனக்கு என்ன தெரியும், நீங்க பேசி முடிவு பண்ணுங்க," என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னாள்: "பூப் போட்டுப் பாத்துருவோம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, வீடு வாங்குவதோ, மனசு இரண்டாக நின்றால் இதுதான் வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. அம்மனை மறுத்துப் பேச அப்பாவாலும் முடியாது, மாமாவாலும் முடியாது.

அப்போது ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம். பஸ்ஸில்தான் சிதம்பரம் போனோம். மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். அம்மா ஓரமாக உட்கார்ந்து, நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் மடித்தாள். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக் குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். "அவுங்கவுங்க மனசுல நெனச்சுக்குங்க. வாயால சொல்லக் கூடாது," என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். சிவப்பு வந்தால் சிதம்பரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவின் சின்ன மகள், யு.கே.ஜி. படிக்கிறவள், போய் ஒன்றை எடுத்து வந்தாள். பூசாரி நாரை அறுத்தார். வெள்ளை.

அவ்வளவுதான், முடிந்தது என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா, "பாத்தியா மச்சான்!" என்றார் பூரிப்போடு. மாமாவும் அதே பூரிப்போடு, "பாத்தீங்களா மாப்ள!" என்றார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மாமா எவ்வளவு பெரிய மனசுக்காரர், தோற்றும் சந்தோஷப்படுகிறாரே என்று நான் நினைத்தேன்.

மாமா வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. கேசரி வேறு. அப்பா கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "அப்ப திங்கக்கெழம கடலூர்ல போயி பீஸக் கட்டிர்றேன்," என்றார்.

"கடலூர்ல எதுக்கு?" என்றார் மாமா.

"காலேஜ் அங்கதானே இருக்கு?"

"மாப்ள, வெள்ளைதானே வந்துச்சு?"

"ஆமா. வெள்ளைன்னா லேப் கோட்டு. கெமிஸ்ட்ரி."

"வெள்ளைன்னா விபூதி மாப்ள! சிதம்பரம்!"

இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. வாயால் சொல்லக் கூடாது என்றதும் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறோம். எந்தப் பூ எந்தப் படிப்பு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமா கை கழுவிவிட்டு ஓடினார், மறுபடி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்க. பூசாரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஒரே விஷயத்தை அம்மனிடம் இரண்டாவது தடவை கேட்கக் கூடாதாம், கோபித்துக்கொள்வாளாம்.

திரும்பி வரும்போது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். அம்மாவும் நானும் பின்னால். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "பூசாரி பொட்டலத்தப் பிரிச்சப்ப, எந்தப் பூவு வரணும்னு பாத்துக்கிட்டிருந்த?"

உனக்கு எது வேண்டும் என்று கேட்டிருந்தால் உங்கள் இஷ்டம் என்று தப்பித்திருப்பேன். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. "செவப்பு," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"செவப்பு உனக்கு எது?"

"சிதம்பரம்."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் காலை அப்பாவுக்கு டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள். "பூப் போடணும்னு சொன்னது யாரு?"

"நீதான்."

"எலையில மடிச்சுக் குடுத்தது?"

"நீதான். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப என் மனசுல இருந்ததுதானே கணக்கு? வெள்ளை சிதம்பரம்னுதான் நெனச்சேன்."

அப்பா அவளையே பார்த்தார். "அத அங்கியே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"வாயால சொல்லக் கூடாதுன்னாங்கல்ல."

அப்பா டீயைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "அம்மன் சொன்னா சரி," என்று எழுந்தார். ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கவும் சிரித்தேன். இரண்டும் உண்மை.

அவரேதான் என்னைச் சிதம்பரத்தில் சேர்த்துவிட்டார். கம்பெனியில் கேட்டவர்களிடம், "பொண்ணு ஆராய்ச்சி படிக்குது," என்று சொல்லிக்கொண்டார். மூன்றாம் வருடம் ஒரு பயிற்சிக்காக அவரையே உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் நேரம் பற்றிக் கேட்டபோது, இட்லி ஆறிப்போகும்வரை பேசினார். அதற்கப்புறம் சோஷியலில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

கடைசி வருடம், 2012 தொடக்கத்தில், புயல் அடித்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த குறிஞ்சிப்பாடிப் பக்கக் கிராமங்களில் எனக்குக் களப்பணி. ஒரு நாள் சாயங்காலம் கால் புழுதியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னிக்கு வெள்ளை சிதம்பரம்னு நெசமாத்தான் நெனச்சியா?"

"ஆமா, பின்ன?" என்றாள் தலையைத் தூக்காமல்.

இப்படி ஒரு பதிலை அன்று பகல் முழுக்க வாசல் வாசலாகக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் விடவில்லை.

"சரி. வெள்ளைப் பூவ எலையில மடிக்கும்போது என்ன நெனச்சுக்கிட்டு மடிச்ச?"

"சிதம்பரம்னு."

"செவப்ப மடிக்கும்போது?"

கீரை ஆய்ந்த கை நின்றது. பல வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே சிரிப்பு. "அதுவும் சிதம்பரம்தான்."

"அடிப்பாவி! சாமிகிட்டயேவா?"

"அவளும் பொம்பளதான, புரிஞ்சுக்குவா," என்றாள். ஒரு தண்டைக் கிள்ளி முறத்தில் போட்டாள். "அந்தப் பொண்ணு வந்துச்சே, தண்ணி யாரு எடுத்தாந்தாங்கன்னு கேட்டுக்கிட்டு. என்னைய ஒரு விசயத்த ரெண்டாவது தடவ கேட்டது என் சென்மத்துல அது ஒண்ணுதான். நீயும் போயி நாலு பொம்பளைங்கள அப்பிடிக் கேக்கணும்னு நெனச்சேன்."